செயற்கைக்கோள் ஓசோன் தரவைக் காலவரிசைப் படமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓசோன் படத்தில் நிறம் பூசுவது கடைசி வேலை. அரை மணி நேரத்தில் அது முடிந்துவிடும். படம் சரியா தவறா என்பது அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. அளவே எடுக்கப்படாத இடத்தை என்ன செய்தீர்கள், துருவத்தை ஒட்டிய சின்னக் கட்டத்துக்கு எவ்வளவு எடை கொடுத்தீர்கள், எந்தக் கருவியின் தரவை எதனோடு ஒட்டினீர்கள்: பெரும்பாலான படங்கள் இந்த மூன்று இடங்களில்தான் சறுக்குகின்றன. ஆகவே கீழே இந்த மூன்றுக்கும்தான் அதிக இடம். பைத்தானில் ஓரளவு கை பழகியவர்கள் அப்படியே பின்பற்றலாம். நிரல் எழுதாதவர்களுக்கு இடையில் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது.

## எந்த எண்ணைப் படமாக்குகிறோம்

தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரை ஒரு செங்குத்துத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் ஓசோன் முழுவதையும் கீழே இறக்கி, 0 டிகிரி செல்சியஸில், கடல்மட்ட அழுத்தத்தில் ஒரே படலமாகப் பரப்பினால் எவ்வளவு தடிமன் வரும் என்பதே மொத்த ஓசோன். 0.01 மில்லிமீட்டர் தடிமன் ஒரு டாப்சன் அலகு. 300 டாப்சன் என்றால் வெறும் 3 மில்லிமீட்டர். உயிர்களைப் புறஊதாக் கதிரிலிருந்து காக்கும் கவசம் முழுவதும் அவ்வளவுதான்.

செயற்கைக்கோள் இதை நேரடியாக அளப்பதில்லை. வளிமண்டலத்திலிருந்து சிதறித் திரும்பும் சூரிய ஒளியை அது பார்க்கிறது. ஓசோன் நன்றாக விழுங்கும் ஓர் அலைநீளத்தையும் அதிகம் தொடாத இன்னொன்றையும் ஒப்பிட்டால் இடையில் எவ்வளவு ஓசோன் இருந்தது என்று கணக்கிடலாம். நாசாவின் டாம்ஸ் என்ற ஓசோன் அளக்கும் கருவியின் வழி வந்த முறையில் இந்த இரண்டும் 317.5, 331.2 நானோமீட்டர். இதிலிருந்து கிளம்பும் ஒரு விளைவை வேலை முடியும்வரை மறக்கக் கூடாது: சூரியன் இல்லாத இடத்தில் அளவு இல்லை. துருவங்களில் குளிர்கால மாதங்கள் முழுக்க வெற்றிடம்தான்.

சில எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பிழை வந்தவுடனே கண்ணில் படும். வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் 250 முதல் 280 வரை, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கும். வட அரைக்கோளத்தின் நடு, உயர் அட்சரேகைகளில் மார்ச், ஏப்ரலில் 400-ஐத் தாண்டும். அன்டார்க்டிகாவின் மேல் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் 100-ஐ ஒட்டி இறங்கும். நாசாவின் பதிவில் மிகக் குறைந்த அளவு 1994 செப்டம்பர் 30 அன்று வந்த 73 டாப்சன். உங்கள் தரவில் 20 என்றோ 900 என்றோ வந்தால் அது கண்டுபிடிப்பு அல்ல, பிழை.

## எந்தத் தரவை எடுப்பது

நீண்ட காலப் படத்துக்குத் தேவையான கருவிகள் இவை:

- டாம்ஸ்: 1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் தொடங்கி 1993 மே 6 வரை. அடுத்து மீட்டியோர்-3, 1994 டிசம்பர் வரை. பிறகு எர்த் புரோப், 1996 ஜூலை முதல் 2005 வரை.
- ஓஎம்ஐ: ஆரா செயற்கைக்கோள், 2004 ஜூலையில் ஏவப்பட்டது. தரவு அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து.
- ஓஎம்பிஎஸ்: 2011 அக்டோபரில் ஏவப்பட்ட சுவோமி என்பிபி, அதன் பின் வந்த நோவா-20.
- ட்ரோபோமி: ஐரோப்பாவின் சென்டினல்-5பி, 2017 அக்டோபர் 13. கூர்மையில் மற்ற மூன்றையும் விட வெகுதூரம் முன்னே. தொடக்கத்தில் ஒரு பிக்சல் 7 × 3.5 கிலோமீட்டர், 2019 ஆகஸ்டிலிருந்து 5.5 × 3.5 கிலோமீட்டர்.

இந்தக் கோப்புகள் இரண்டு வடிவங்களில் கிடைக்கும். லெவல்-2 என்பது செயற்கைக்கோள் பார்த்த ஒவ்வொரு பிக்சலும் சுற்று சுற்றாக வருவது. லெவல்-3 என்பது அவற்றை ஒழுங்கான அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களில் போட்டுச் சராசரியாக்கியது. பல ஆண்டுகளின் போக்கைக் காட்டுவதுதான் நோக்கமென்றால் லெவல்-3 போதும், 1 டிகிரிக் கட்டமே போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 டிகிரிக் கட்டத்தில் ஒரு நாளுக்கு 64,800 எண்கள், ஏறத்தாழ கால் மெகாபைட். 40 ஆண்டு தினசரித் தரவு 4 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். 0.25 டிகிரியில் ஒரு நாளுக்கு 10,36,800 எண்கள். 20 ஆண்டுக்கே 30 ஜிகாபைட். ஓசோன் பரந்து விரிந்து மெதுவாக மாறும் பொருள், நீண்ட காலப் படத்தில் அந்தக் கூடுதல் நுணுக்கம் கண்ணுக்கே தெரியாது. ஒரே நாளில் துருவச் சுழலின் (குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி வீசும் பெருங்காற்றுச் சுழற்சியின்) விளிம்பை நெருங்கிப் பார்ப்பதற்குத்தான் ட்ரோபோமியின் நுணுக்கம் கைகொடுக்கும்.

நிரல் எழுத விரும்பாதவர்கள் நாசாவின் ஜியோவானி இணையக் கருவியில் தேதி, பகுதி, மாறி மூன்றையும் கொடுத்து அங்கேயே படம் பெறலாம். இறக்கிய கோப்பைத் திறந்து பார்க்க பனோப்ளி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நிரல் எழுதுபவர்களும் முதல் கோப்பை பனோப்ளியில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. உள்ளே மாறிகள் எந்தக் குழுவுக்குள் ஒளிந்திருக்கின்றன என்பது உடனே விளங்கிவிடும்.

## இறக்குவதில் வரும் ஒரு சிக்கல்

நாசா தரவுக்கு எர்த்டேட்டா கணக்கு வேண்டும், இலவசம்தான். கணக்கைத் தொடங்கியதும் நின்றுவிடக் கூடாது. உங்கள் சுயவிவரப் பக்கத்தில் ஜிஇஎஸ் டிஸ்க் தரவுக் காப்பகத்துக்கும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் இறக்கம் வெற்றிகரமாக முடிந்தது போலவே தெரியும். கோப்பின் பெயரும் சரியாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது உள்நுழைவுப் பக்கத்தின் எச்டிஎம்எல். நூற்றுக்கணக்கான கோப்புகளை இரவில் இறக்கப் போட்டுவிட்டுப் போகும் முன் ஒன்றே ஒன்றை இறக்கி, அதன் அளவைப் பாருங்கள். எல்லாக் கோப்புகளும் சில கிலோபைட்டில், ஒரே அளவில் இருந்தால் காரணம் இதுதான்.

## கோப்பைத் திறந்து அடுக்குதல்

தேவையான நூலகங்கள்: எக்ஸ்அரே, நம்பை, கோப்பு படிக்க நெட்சிடிஎஃப்4 அல்லது எச்5நெட்சிடிஎஃப், வரைய மேட்பிளாட்லிப், நிலப்படத்துக்கு கார்ட்டோபை.

ஓஎம்ஐயின் லெவல்-3 கோப்பை எடுத்துக்கொள்வோம். அது எச்டிஎஃப்5 வகை. திறக்கும்போது குழுவின் முழுப் பாதையையும் கொடுக்காவிட்டால் எக்ஸ்அரே காலியான தரவுத்தொகுப்பைத்தான் காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாதையைக் கொடுத்துத் திறந்த பிறகும் அட்சரேகை, தீர்க்கரேகை அச்சுகள் இருக்காது, பெயரில்லாத இரண்டு பரிமாணங்கள் மட்டுமே இருக்கும். அச்சுகளை நீங்களே கட்ட வேண்டும். 1 டிகிரிக் கட்டமென்றால் அட்சரேகை −89.5 முதல் 89.5 வரை 180 எண்கள், தீர்க்கரேகை −179.5 முதல் 179.5 வரை 360 எண்கள். கட்டத்தின் நடுப்புள்ளிதான் வேண்டும், விளிம்பு அல்ல. −90, −89 என்று தொடங்கினால் படம் முழுவதும் அரை டிகிரி நகர்ந்துவிடும். கடற்கரைக் கோட்டோடு ஒப்பிட்டாலும் இந்தப் பிழை தெரியாது, ஏனெனில் ஓசோனுக்குக் கரை கிடையாது.

அடுத்து நிரப்பு மதிப்பு. அளவு இல்லாத கட்டங்களில் ஓஎம்ஐ கோப்பு −1.2676506 × 10³⁰ என்ற எண்ணை வைத்திருக்கும். நூலகம் சில சமயம் இதைத் தானாகவே வெற்று மதிப்பாக மாற்றும், சில சமயம் மாற்றாது. சமக்குறி போட்டு ஒப்பிட்டு நீக்குவதை நம்ப வேண்டாம். தசம எண்ணின் கடைசி இலக்கங்கள் பொருந்தாமல் போகலாம். பூஜ்யமோ அதற்குக் கீழோ உள்ள எல்லாவற்றையும் வெற்று மதிப்பாக்குங்கள் என்று எழுதினால் எந்தக் கருவிக்கும் பொருந்தும், பழைய கோப்புகளில் நிரப்பு மதிப்பாகப் பூஜ்யமே இருந்தாலும் அதுவும் பிடிபடும்.

இங்கே கீழ் எல்லையை 150, 180 என்று உயர்த்திவிடத் தோன்றும். வேண்டவே வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் நிம்பஸ்-7 தரவில் 180-க்குக் கீழே வந்த அளவுகள், நம்பத் தகாதவையாக இருக்கலாம் என்று கணினியால் தனியே குறியிடப்பட்டன. அன்றுவரை அப்படிப்பட்ட அளவை யாரும் கண்டதில்லை. 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற பிரிட்டன் ஆய்வாளர்கள் மூவரும் அன்டார்க்டிகாவில் உள்ள ஹாலி நிலையத்தின் தரைக்கருவி அளவுகளை வெளியிட்டபோதுதான் உலகம் ஓசோன் ஓட்டையை அறிந்தது. செயற்கைக்கோள் குறியிட்டு வைத்த அந்த எண்கள் உண்மையாகவே இருந்தன. சந்தேகமான எண்ணைக் குறியிடுங்கள், பாருங்கள், அழித்துவிடாதீர்கள்.

தேதியைக் கோப்பின் பெயரிலிருந்து எடுத்து, நாள்களைக் கால அச்சில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குங்கள். அடுக்கியதும் முழு நாள்காட்டியோடு மறு-அட்டவணை செய்யுங்கள். அதாவது தொடக்க நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒவ்வொரு நாளும் அச்சில் இருக்க வேண்டும், கோப்பு இல்லாத நாள் வெற்றாக இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் விடுபட்ட நாள்களுக்கு இரு பக்கமும் உள்ள புள்ளிகளைக் கோட்டு வரைபடம் நேராக இணைத்துவிடும். பார்ப்பவருக்கு அங்கே தரவு இருந்தது போலவே தோன்றும்.

## ட்ரோபோமி லெவல்-2 எடுப்பவர்களுக்கு

அலகு வேறு. கோப்பில் இருப்பது சதுர மீட்டருக்கு எத்தனை மோல் என்ற எண். 2241.15-ஆல் பெருக்கினால் டாப்சன். ஒரு பிக்சலில் 0.1205 இருந்தால் 0.1205 × 2241.15 = 270 டாப்சன், வெப்பமண்டலத்துக்குப் பொருத்தமான எண். பெருக்க மறந்தால் படம் முழுக்க ஒரே நிறம் வரும்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 1 வரை ஒரு தர எண் உண்டு. மொத்த ஓசோனுக்கு 0.5-க்கு மேலுள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 14 சுற்றுகள் வரும். பூமத்தியரேகையில் அவை ஒன்றன்மேல் ஒன்று அதிகம் படியாது, துருவத்துக்கு அருகே ஒரே இடத்தைப் பல சுற்றுகள் பார்க்கும். ஆகவே ஒரு கட்டத்தில் விழும் எல்லாப் பிக்சல்களையும் கூட்டி எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கடைசியாக வந்த சுற்று முந்தையதை மூடிவிடும்படி எழுதினால் துருவத்தில் வெட்டுக்கோடுகள் தெரியும். 180 டிகிரித் தீர்க்கரேகையைத் தாண்டும் பிக்சல்களின் மூலைகள் ஒன்று +179, மற்றொன்று −179 என்று இருக்கும். கட்டமாக்காமல் நேரடியாக வரைந்தால் அந்தப் பிக்சல் உலகப் படத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நீண்ட பட்டையாக இழுபடும். அந்த வரிசைகளை மறைத்துவிடுவதே எளிய தீர்வு.

## சராசரி: எடை இல்லாமல் எடுக்கக் கூடாது

1 டிகிரிக் கட்டம் பூமத்தியரேகையில் ஏறத்தாழ 12,360 சதுர கிலோமீட்டர். அதே கட்டம் 80 டிகிரியில் 2,150 மட்டுமே. எல்லாக் கட்டங்களையும் சமமாக எண்ணினால் துருவம் தன் பரப்புக்கு மீறிய குரலில் பேசும்.

கணக்காகவே பார்ப்போம். தெற்கே 65, 75, 85 டிகிரிகளில் ஓசோன் முறையே 320, 240, 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சராசரி 240. இப்போது ஒவ்வொன்றையும் அதன் அட்சரேகையின் கோசைனால் (0.423, 0.259, 0.087) பெருக்கிக் கூட்டி, எடைகளின் கூட்டுத்தொகையால் (0.769) வகுத்தால் 275. 35 டாப்சன் வேறுபாடு. பல பத்தாண்டுகளின் போக்கைத் தேடும் ஒருவருக்கு அவர் தேடும் மாற்றத்தையே விழுங்கிவிடக்கூடிய பிழை இது.

எக்ஸ்அரேயின் எடையிட்ட சராசரி வசதி வெற்று மதிப்புகளைத் தானாகவே ஒதுக்கி, எடையின் கூட்டுத்தொகையையும் சரிசெய்துகொள்ளும். நம்பையின் சராசரிச் செயற்கூறு அப்படிச் செய்யாது. ஒரு வெற்று மதிப்பு இருந்தாலும் விடை வெற்றாகவே வரும். அதைக் கண்டு வெற்றிடங்களைப் பூஜ்யமாக நிரப்புவார்கள் சிலர். சராசரி தரைமட்டத்துக்கு இறங்கிவிடும்.

மாதச் சராசரியில் இன்னும் நுட்பமான பொறி இருக்கிறது. சூரிய உச்சிக்கோணம் (தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணம்) 84 டிகிரிக்கு மேலுள்ள அளவுகளை விலக்கினால், 85 டிகிரித் தெற்கில் செப்டம்பரின் கடைசி வாரத்தில்தான் முதல் அளவே கிடைக்கும். அங்கே செப்டம்பர் சராசரி என்பது உண்மையில் கடைசி ஐந்தாறு நாள்களின் சராசரி. அந்த நாள்களில்தான் ஓசோன் வெகுவாக அழிந்திருக்கும். ஆக, மாதம் முழுவதும் இருந்ததைவிடத் தாழ்வான எண் மாதத்தின் பெயரில் வந்து உட்காரும். ஒவ்வொரு கட்டத்திலும் மாதத்தில் எத்தனை நாள் அளவு இருந்தது என்பதைத் தனி அணியாக எண்ணி வைத்துக்கொண்டு, 15 நாளுக்குக் குறைந்தால் அந்த மாதத்தை வெற்றாக விடுவது நல்ல வழக்கம்.

## நிலப்படம் வரைதல்

உலகம் முழுவதையும் காட்டச் சமபரப்புக் கோட்டுச்சட்டம் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும்போது பரப்பளவுகளின் விகிதம் மாறாத வரைமுறை) ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கார்ட்டோபையில் மொல்வைடு அல்லது ஈக்வல் எர்த் போதும். மெர்கேட்டர் இதற்கு ஆகாது. துருவத்தை முடிவில்லாமல் பெரிதாக்கி, ஓட்டையை உலகத்தையே விழுங்குவதாகக் காட்டும். தென் துருவத்தை மட்டும் பார்க்கத் துருவ மைய லாம்பர்ட் சமபரப்பு முறை. எல்லையை 40 டிகிரித் தெற்குவரை வையுங்கள். ஓட்டை சில நாள் 60 டிகிரியைத் தாண்டி வடக்கே நாக்கு நீட்டும், 60-இல் வெட்டினால் அது தெரியாமல் போகும். துருவப் படத்தில் ஒரு தீர்க்கரேகை நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது தரவுக் குறைபாடு அல்ல. கட்டத்தின் கடைசி நெடுவரிசைக்கும் முதல் நெடுவரிசைக்கும் நடுவே இணைப்பு இல்லை. கார்ட்டோபையின் சுழற்புள்ளி சேர்க்கும் வசதி அதை மூடிவிடும்.

180 டிகிரியில் இன்னொரு வெட்டும் தெரியலாம், இது உண்மையானது. தினசரி லெவல்-3 கோப்பு அந்தந்த இடத்தின் உள்ளூர்த் தேதிப்படி தொகுக்கப்பட்டிருந்தால், நாள்கோட்டின் இருபுறமும் உள்ள அளவுகளுக்கு இடையே ஏறத்தாழ 24 மணி நேர இடைவெளி இருக்கும். அதை மென்மையாக்கி மறைக்கக் கூடாது.

கட்டங்களை நிறச் சதுரங்களாகவே வரையுங்கள். சமமதிப்புக் கோடுகளுக்கு இடையே நிறம் நிரப்பும் முறை அழகாகத் தெரியும், ஆனால் வெற்றிடத்தின் விளிம்புகளைத் தன்னிச்சையாக வளைத்துச் செதுக்கிவிடும். வெற்று மதிப்புக்கு நிறப்பட்டையில் இல்லாத நடுத்தரச் சாம்பல் நிறத்தைத் தனியாக ஒதுக்குங்கள். துருவ இரவின் அந்தச் சாம்பல் வட்டம் படத்தின் அசிங்கம் அல்ல, அங்கே யாரும் அளக்கவில்லை என்ற நேர்மையான அறிவிப்பு.

நிற எல்லை: உலகப் படத்துக்கு 100 முதல் 500, தென் துருவத்துக்கு 100 முதல் 400. வெப்பமண்டலத்தை மட்டும் பார்ப்பதானால் 220 முதல் 320 என்று குறுக்குங்கள். இல்லாவிட்டால் எல்லாமே ஒரே பச்சையாகக் கிடக்கும். வானவில் நிறவரிசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் மஞ்சள் பட்டையில் இல்லாத விளிம்பைக் கண் உருவாக்கிக்கொள்ளும், நிறக்குருடு உள்ளவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிடும். வெளிச்சம் சீராக ஏறும் விரிடிஸ் போன்றது நல்லது. சராசரியிலிருந்து விலகலைக் காட்டும்போது மட்டும் நீலம்–வெள்ளை–சிவப்பு, வெள்ளை கட்டாயம் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

அன்டார்க்டிகப் படத்தின் மேல் 220 டாப்சன் கோட்டைக் கருப்பில் வரையுங்கள். ஓட்டையின் எல்லையாக ஏற்கப்பட்ட எண் அது. 1979-க்கு முன் அன்டார்க்டிகாவின் மேல் அதற்குக் கீழே அளவு பதிவானதில்லை. ஓட்டையின் பரப்பு வேண்டுமானால் 220-க்குக் கீழுள்ள கட்டங்களின் பரப்புகளைக் கூட்டுங்கள். விடை வந்ததும் ஒரு சோதனை: 60 டிகிரித் தெற்குக்குக் கீழுள்ள பரப்பு முழுவதுமே சுமார் 3.42 கோடி சதுர கிலோமீட்டர்தான். நாசாவின் பதிவில் ஒரே நாளின் மிகப் பெரிய ஓட்டை 2000 செப்டம்பர் 9 அன்று, 2.99 கோடி. 4 கோடி என்று உங்கள் விடை சொன்னால் நிரப்பு மதிப்புகள் 220-க்குக் கீழே எண்ணப்பட்டிருக்கின்றன. ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் விடை வெளியிடப்பட்ட எண்ணைவிடக் குறைவாக வந்தால் பதற வேண்டாம். ஓட்டையின் ஒரு பகுதி இருட்டில் இருக்கும், நாசா அந்த இடத்தை மாதிரிக் கணக்கீட்டால் நிரப்பி எண்ணுகிறது.

## காலத்தைக் காட்டும் படங்கள்

ஒரே ஒரு படம்தான் வரைய முடியும் என்றால் ஹாவ்மோலர் வரைபடத்தை வரையுங்கள். கிடைமட்டத்தில் காலம், செங்குத்தில் அட்சரேகை, நிறத்தில் அந்த அட்சரேகையின் உலகச் சுற்றுச் சராசரி. 40 ஆண்டு ஒரே தாளில் அடங்கும். வடக்கே ஒவ்வொரு வசந்தத்திலும் எழும் மேடு, நடுவில் அசையாத வெப்பமண்டலப் பட்டை, தெற்கே 80களில் மெல்லத் தொடங்கி 90களில் ஆழமாகப் பதியும் குழிகள், இரு ஓரங்களிலும் துருவ இரவின் சாம்பல் முக்கோணங்கள். தீர்க்கரேகையில் முதலிலேயே சராசரி எடுத்துவிடுவதால் டாம்ஸின் 1 × 1.25 டிகிரிக் கட்டத்தையும் ஓஎம்ஐயின் 1 × 1 டிகிரிக் கட்டத்தையும் பொருத்தும் தலைவலியும் இல்லை.

அடுத்தது ஆண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கோட்டு வரைபடம். தென் அரைக்கோளத்துக்கு அச்சை ஜனவரியில் தொடங்காமல் ஜூலையில் தொடங்குங்கள். ஓட்டை டிசம்பர்வரை நீளும் ஆண்டுகளில் ஜனவரி அச்சு கதையை நடுவில் வெட்டிவிடும். எல்லா ஆண்டுகளுக்கும் தனித்தனி நிறம் கொடுத்தால் நூல்கண்டு போலச் சிக்கிவிடும். பழைய ஆண்டுகளின் 10, 90 சதமானங்களுக்கு இடையே வெளிர் சாம்பல் பட்டை, நடுவே இடைநிலைக் கோடு, பேச விரும்பும் ஓரிரு ஆண்டுகள் மட்டும் நிறத்தில். லீப் ஆண்டில் பிப்ரவரி 29-க்குப் பிறகு நாள் எண் ஒன்று நகரும். எனவே நாள் எண்ணால் அல்லாமல் மாதம்–தேதியால் பொருத்துங்கள்.

விலகலைக் காட்ட, ஒவ்வொரு மாதத்திலிருந்தும் அதே மாதத்தின் நெடுங்காலச் சராசரியைக் கழியுங்கள். அடிப்படைக் காலம் எது என்பதைப் படத்திலேயே எழுதுங்கள். 80களின் தொடக்கத்தை எடுத்தால் இன்றைய நிலை குறையாகத் தெரியும், 90களின் நடுவை எடுத்தால் மிகுதியாகத் தெரியும். இரண்டும் பொய் அல்ல, சொல்லாமல் விடுவதே தவறு. தினசரிச் சராசரியை 20 ஆண்டிலிருந்து எடுத்தால் அது நடுங்கிக்கொண்டே இருக்கும், 15 நாள் நகரும் சராசரியால் ஒருமுறை மென்மையாக்கிய பிறகு கழியுங்கள்.

விலகல் கோடு மேலும் கீழும் ஆடும்போது உடனே மாசு, மீட்சி என்று பெயர் சூட்டிவிடக் கூடாது. பூமத்தியரேகையின் மேல் ஸ்ட்ரேட்டோஸ்பியரில், அதாவது ஓசோனின் பெரும்பகுதி இருக்கும் மேல் வளிமண்டல அடுக்கில், காற்று ஏறத்தாழ 28 மாதத்துக்கு ஒருமுறை திசை மாறும். அதன் தடம் வெப்பமண்டல ஓசோனில் தெளிவாகத் தெரியும். 11 ஆண்டுச் சூரியச் சுழற்சி உண்டு. 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை வெடித்த பின் வந்த இரண்டு ஆண்டுப் பள்ளம் உண்டு. நேர்கோட்டுப் போக்கு காண்பதானால் இவற்றையும் பின்னோக்குச் (ரிக்ரெஷன்) சமன்பாட்டில் மாறிகளாகச் சேர்க்க வேண்டும். ஓசோனை அழிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்திய 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் பலனாக வரும் மீட்சி மெதுவானது. 2022இல் வந்த உலக மதிப்பீட்டின்படி அன்டார்க்டிகா 1980இன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும். ஐந்தாறு ஆண்டுக் கோட்டில் அதைத் தேடுவது வீண்.

## கருவிகளை ஒட்டும் இடம்

நீண்ட காலப் படங்களில் மிக ஆபத்தான இடம் இது. 1994 டிசம்பருக்கும் 1996 ஜூலைக்கும் இடையே டாம்ஸ் தரவே இல்லை. எர்த் புரோப் டாம்ஸின் ஒளி வருடும் கண்ணாடி சீரழிந்ததால் 2000-க்குப் பிந்தைய அதன் அளவுகளைப் போக்குக் கணக்குக்குப் பயன்படுத்தக் கூடாது. ஓஎம்ஐயில் 2007 முதல் சில பிக்சல் வரிசைகள் மறைக்கப்படத் தொடங்கி 2009 ஜனவரியில் அது மோசமானது. அந்த வரிசைகளை விலக்கியதால் அதன்பிறகான தினசரிப் படங்களில் வடக்கு–தெற்காகக் காலிப் பட்டைகள் இருக்கும். சராசரி கெடாது, ஆனால் முழு உலகைக் காட்டும் ஒருநாள் படம் வேண்டுமென்றால் அடுத்தடுத்த இரண்டு மூன்று நாள்களைச் சேர்க்க வேண்டிவரும்.

இரண்டு கருவிகள் ஒரே நாளில் ஒரே இடத்தைப் பார்த்தாலும் சில டாப்சன் வேறுபடும். ஒட்டும் முன் இரண்டும் ஒன்றாக இயங்கிய மாதங்களை எடுத்து, 5 டிகிரி அட்சரேகைப் பட்டைகளாகப் பிரித்து, வேறுபாட்டை மட்டும் ஒரு படமாக வரையுங்கள். வேறுபாடு எங்கும் ஒரே அளவென்றால் ஓர் எண்ணைக் கழித்தால் போதும். அட்சரேகையோடோ பருவத்தோடோ மாறினால் பட்டைக்கொரு, மாதத்துக்கொரு திருத்தம் வேண்டும். ஓஎம்ஐ, ஓஎம்பிஎஸ் இரண்டுக்கும் 2012 முதல் பல ஆண்டுகள் பொதுவாக இருப்பதால் அங்கே இது எளிது. எர்த் புரோப், ஓஎம்ஐ இரண்டுக்கும் பொதுவான காலம் ஓராண்டுக்குச் சற்று மேல்தான், அதுவும் எர்த் புரோப்பின் கெட்ட காலத்தில். இந்த ஒட்டை நீங்களே போட முயல வேண்டாம். எஸ்பியுவி என்ற இன்னொரு செயற்கைக்கோள் ஓசோன் கருவித் தொடரைக் கொண்டு நாசா கட்டியிருக்கும் இணைப்புத் தொகுப்பையோ, நெதர்லாந்து வானிலை நிறுவனத்தின் பல்கருவி மறுபகுப்பாய்வுத் தொகுப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ஒட்டினால், ஒட்டிய தேதியில் ஒரு செங்குத்துக் கோட்டைப் படத்தில் கட்டாயம் வரையுங்கள்.

## அசைபடம்

ஒரு நாளுக்கு ஒரு ஃபிரேம், நொடிக்கு 15 ஃபிரேம். ஓராண்டு 24 நொடியில் ஓடிவிடும். துருவச் சுழல் சுழல்வதை உணர இந்த வேகம் சரியாக இருக்கும். நிற எல்லை எல்லா ஃபிரேமிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மேட்பிளாட்லிப்பின் விருப்பத்துக்கு விட்டால் ஒவ்வொரு நாளின் குறைந்த, உயர்ந்த அளவுக்கேற்ப நிறம் மாறி, ஓசோன் துடிப்பது போலத் தெரியும். துடிப்பது நிறப்பட்டைதான்.

படங்களைச் சேமிக்கும்போது ஓரங்களைத் தானாகக் கத்தரிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தேதியின் எழுத்து அகலம் மாறினாலும் படத்தின் அளவு ஓரிரு பிக்சல் மாறும், படங்களை வீடியோவாகக் கோக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் அதை ஏற்காமல் முரண்டு பிடிக்கும், அல்லது படம் நடுங்கும். அகலம், உயரம் இரண்டும் இரட்டைப்படையாக இருக்கட்டும். 1080 × 1081 போன்ற அளவை வழக்கமான எம்பி4 குறியாக்கம் மறுத்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமையும் சேமித்ததும் படத்தை மூடுங்கள். மூடாவிட்டால் சில நூறு நாள்களுக்குள் நினைவகம் நிரம்பி நிரல் நின்றுவிடும். ஜிஃப் வடிவம் 256 நிறங்களோடு நின்றுவிடுவதால் மென்மையான நிறமாற்றத்தில் படிக்கட்டுகள் தெரியும்.

விடுபட்ட நாளில் முந்தைய நாளின் படத்தையே மீண்டும் காட்டுவதானால் அன்று மட்டும் தேதியின் நிறத்தை மாற்றுங்கள்.

## வெளியிடும் முன் நான்கு தேதிகள்

எல்லாம் சரியாக அமைந்ததா என்று பார்க்க, ஏற்கெனவே நன்கு அறியப்பட்ட நாள்களைத் திறந்து பாருங்கள். 2002 செப்டம்பர் 24, 25: ஸ்ட்ரேட்டோஸ்பியர் திடீரென வெப்பமடைந்து ஓட்டை இரண்டாகப் பிளந்த நாள்கள். உங்கள் படத்தில் ஒரே வட்டமாக இருந்தால் தேதிகள் நகர்ந்திருக்கின்றன. 2019 செப்டம்பர்: அதே காரணத்தால் ஓட்டை வழக்கத்தைவிட மிகச் சிறியது. உங்கள் பரப்புக் கோட்டில் அந்த ஆண்டு தனியே கீழே நிற்க வேண்டும். 2020 மார்ச் 12: வட துருவத்தில் 205 டாப்சன், அங்கே மிக அரிதான தாழ்வு. அது படத்தின் தெற்கு முனையில் தெரிந்தால் அட்சரேகை அச்சு தலைகீழாக இருக்கிறது. கடைசியாக, எந்த ஆண்டின் ஜூன் 21-ஐயும் எடுங்கள். தென் துருவத்தைச் சுற்றி, 66.5 டிகிரியையும் தாண்டி, முழுச் சாம்பல் வட்டம் இருக்க வேண்டும். அங்கே ஏதாவது நிறம் தெரிந்தால் அளக்காத ஓர் எண் எங்கோ உள்ளே நுழைந்திருக்கிறது. நிரப்பு மதிப்பை நீக்கிய படிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.